வேப்பங்குச்சித் தாத்தாவுக்கு 32 பல், பேஸ்ட் பேரனுக்கு ரூட் கெனால்: வாய்க்கிருமி பற்றி ஓர் இழை

ஜூன் 2, ஞாயிறு, காலை 9.10
திருவொற்றியூர் வாசகர் ஒருவரின் கேள்வி

எங்கள் தாத்தா 84 வயதில் போனார். போகும்போது 32 பல்லும் இருந்தது. வாழ்நாள் முழுக்க வேப்பங்குச்சிதான், வேறு எதையும் தொட்டதில்லை. நான் காலையும் இரவும் பேஸ்ட் வைத்துத் தேய்க்கிறேன். 31 வயதில் ஒரு கடைவாய்ப்பல்லுக்கு ரூட் கெனால் ஆகிவிட்டது, பக்கத்துப் பல்லும் கூசுகிறது. பேஸ்ட்தான் பல்லைக் கெடுக்கிறது என்பது என் முடிவு. இன்னொன்று, மவுத்வாஷ் பாட்டிலில் 99.9 சதவீதம் கிருமி சாகும் என்று போட்டிருக்கிறது. அது உண்மை என்றால் பிரஷ் எதற்கு? கொப்பளித்துத் துப்பினால் வேலை முடிந்ததே. மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

ஜூன் 2, இரவு 10.40

மறுப்பு இருக்கிறது தம்பி. பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் 19 வருடமாக லேப் டெக்னீஷியனாக இருக்கிறேன். பல் டாக்டர் இல்லை. ஆனால் கிருமியைக் கண்ணால் பார்ப்பது என் அன்றாட வேலை.

முதலில் அந்த 99.9 கணக்கு. ஒரு மில்லி எச்சிலில் சுமார் 10 கோடி பாக்டீரியா இருக்கும். 99.9 சதவீதம் செத்தாலும் ஒரு லட்சம் மிச்சம். சோறும் சூடும் ஈரமும் தயாராக இருக்கிற இடம் வாய். மிஞ்சியவை பெருகி, சில மணி நேரத்தில் கூட்டம் பழையபடி சேர்ந்துவிடும். அதுவும் எச்சிலில் மிதப்பவற்றின் கணக்குதான் இது. பல்லில் ஒட்டியவற்றின் கதை வேறு.

எங்கள் தெருமுனையில் மெட்ரோ வாட்டர் கறுப்பு டேங்க் ஒன்று இருக்கிறது. உள்சுவரில் வழவழவென்று பாசி பிடிக்கும். பிளீச்சிங் பவுடர் போட்டால் தண்ணீர் வாசனை மாறும், பாசி அப்படியே இருக்கும். ஆள் இறங்கித் துடைப்பத்தால் தேய்த்தால்தான் அது கழன்று வரும். பல்லில் படியும் ஊத்தையும் இதே ஜாதி. அது சோற்றுப் பருக்கை இல்லை. பாக்டீரியாக்கள் தங்களைச் சுற்றிப் பிசின் மாதிரி ஒன்றைக் கட்டிக்கொண்டு அடுக்கடுக்காக வாழ்கிற குடியிருப்பு. மருந்து மேலடுக்கோடு நின்றுவிடும். பிரஷ்தான் உள்ளே போய்க் கலைக்கும்.

நான் சொல்ல வந்தது இதுதான்: பல் விளக்குவது கிருமியைக் கொல்வதற்காக இல்லை. கூட்டத்தைக் கலைப்பதற்காக. மனித வாய்களில் 700 வகைக்கு மேல் பாக்டீரியா கண்டிருக்கிறார்கள். பெரும்பாலானவை நம்மோடு சமாதானமாக இருப்பவை. தொந்தரவு தருகிற வகைகளுக்கு நாள்கணக்கில் அசையாத இடம் வேண்டும். அந்த இடத்தைக் கொடுக்காமல் இருந்தால் போதும்.

உங்கள் தாத்தா விஷயம்: ஆலும் வேலும் பல்லுக்குறுதி என்று சும்மா சொல்லவில்லை. வேம்பு நல்லதுதான். ஆனால் தாத்தா ஒரு நாளைக்கு எத்தனை டீ குடித்தார் என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

ஜூன் 3, காலை 6.15

ராத்திரி எழுதியதில் ஒன்று விட்டுப்போனது. எங்கள் ஆயாவும் பேஸ்ட் தொடாதவர்தான். உமிக்கரி, சில நாள் செங்கல் தூள். 60 வயதில் அவர் பல்லை நான் பார்த்திருக்கிறேன். ஈறை ஒட்டி ஒவ்வொரு பல்லிலும் அரிவாளால் கொத்தின மாதிரி ஒரு பள்ளம். சில்லென்று தண்ணீர் குடிக்க மாட்டார். விரலால் கரித்தூளை 50 வருடம் அழுத்தித் தேய்த்ததில் பல்லின் கழுத்து தேய்ந்துவிட்டது. 32 பல்லோடு போன தாத்தாவைப் பற்றி ஊரெல்லாம் பேசுவோம். பொக்கைவாய் ஆயாக்களைப் பற்றி யாரும் கேள்வி கேட்பதில்லை, வயசாகிவிட்டது என்று விட்டுவிடுகிறோம்.

ஜூன் 5, இரவு 11.00

"கண்ணால் பார்த்தேன் என்கிறீர்களே, எதைப் பார்த்தீர்கள்" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. இன்று வேலை முடிந்து மறுபடியும் செய்தேன்.

காலையில் வழக்கம்போல் பல் தேய்த்துவிட்டுத்தான் வந்தேன். சாயங்காலம் ஆறு மணிக்கு, முன்பல்லின் வெளிப்பக்கத்தை ஒரு குச்சியால் லேசாகச் சுரண்டி ஒரு ஸ்லைடு. இடது கீழ்க் கடைவாய்ப்பற்கள் இரண்டுக்கும் நடுவே குச்சியை விட்டு எடுத்தது இன்னொரு ஸ்லைடு. இரண்டாவதில் குச்சி நுனியில் வெண்மஞ்சளாக, தயிர்த் துளி மாதிரி கொஞ்சம் வந்தது. மோந்தால் வாடை. ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு சலைன், மேலே கண்ணாடித் துண்டு. சாயம் எதுவும் போடவில்லை. மைக்ராஸ்கோப்பில் வெளிச்சத்தைக் குவிக்கும் கண்டென்சரைக் கீழே இறக்கிவிட்டு 40 மடங்கு லென்சில் வைத்தேன்.

முதல் ஸ்லைடில் வாயின் உள்தோல் செல்கள் அப்பளம் மாதிரி மிதந்தன. மேலே சில புள்ளிகள் ஒட்டியிருந்தன. அவ்வளவுதான், அசைவே இல்லை.

இரண்டாவதில் பாரிமுனை சிக்னல் விட்ட மாதிரி ஒரே ஓட்டம். குட்டையான குச்சிகள் நேர்க்கோட்டில் பாய்ந்து போகின்றன. மெல்லிய நூல் மாதிரி சில, சுருண்டு நெளிந்து ஒரே இடத்தில் துடிக்கின்றன. அசையாத நீள இழைகள் பாய் பின்னினாற்போல் கிடக்கின்றன. இதே வாய், இதே நாள், இதே பிரஷ். இரண்டு இடத்துக்கும் தூரம் நான்கு சென்டிமீட்டர் இருக்குமா?

காலையில் நான் இரண்டு நிமிடம் தேய்த்தேன் தம்பி. அந்த இடுக்குக்கு அது தெரியவே இல்லை.

பிறகு கிராம் சாயம் போட்டும் பார்த்தேன். பாக்டீரியாக்களை ஊதா, இளஞ்சிவப்பு என்று இரண்டு வகையாகப் பிரித்துக் காட்டும் சாயம் அது. முன்பல்லில் ஊதா நிற முத்துச்சரம்: ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைகள். இடுக்கில் ஊதாவை விட இளஞ்சிவப்பு அதிகம். இரண்டு முனையும் கூரான கதிர் மாதிரி பாக்டீரியாக்கள், பியூசோபாக்டீரியம் வகை. முதலில் குடியேறுபவை காற்றைத் தாங்குபவை. அவை பெருகி அடுக்கு கனத்தால் உள்ளே ஆக்சிஜன் குறையும். அப்போது இந்தக் கதிர் ஆட்கள் வந்து நடுவில் நின்று, காற்றே ஆகாத அடுத்த கூட்டத்துக்குக் கை கொடுக்கும். ஈறைப் பழுதாக்குவதில் பேர் வாங்கிய போர்பைரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் கடைசியில் வரும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது. நடுவில் கலைத்துவிட்டால் வரிசை முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

ஜூன் 8, மதியம் 2.30

நான் செய்ததில் புதுமை ஒன்றும் இல்லை. 1683 செப்டம்பரில் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் ஊரில் ஆண்டனி வான் லீவன்ஹூக் என்ற துணி வியாபாரி இதைச் செய்து லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதம் எழுதினார். தானே தேய்த்த லென்ஸ். தினமும் உப்பால் பல் தேய்த்து, குச்சியால் இடுக்கைக் குத்தி, துணியால் துடைக்கிற மனிதர் அவர். அப்படியிருந்தும் பல்லிடுக்கில் மாவு மாதிரி வெள்ளையாக ஒன்று சேர்வதைப் பார்த்து, மழைநீரில் கலந்து லென்சில் வைத்தார். உயிர்கள் நீந்தின. வாழ்நாளில் பல்லே விளக்காத ஒரு கிழவரின் வாயிலிருந்தும் எடுத்துப் பார்த்தார், அங்கே கூட்டம் இன்னும் பெரிது.

எனக்கு அவரிடம் பிடித்தது வினிகர் விஷயம். வினிகரை நேராக ஊற்றினால் அவை செத்தன. ஆனால் வினிகரால் வாய் கொப்பளித்துவிட்டு எடுத்தால், இடுக்கில் இருந்தவை உயிரோடு இருந்தன. மவுத்வாஷ் கேள்விக்கு 340 வருடத்துக்கு முன்பே பதில் வந்துவிட்டது.

ஜூன் 9, காலை 7.50

தாத்தா காலையில் ஒரு டீ, சாயங்காலம் ஒரு டீ, இடையில் எதுவும் கிடையாது என்று திருவொற்றியூர் தம்பி எழுதியிருக்கிறார். "நான் ஒரு நாளைக்கு ஏழெட்டு டீ, கூட பிஸ்கட்" என்றும் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். சரி, இங்கேதான் விஷயம் இருக்கிறது.

சொத்தைக்கு முக்கியக் காரணமான ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ், 1924ல் கிளார்க் என்பவர் அடையாளம் கண்டது. அதற்குச் சர்க்கரை கிடைத்தால் இரண்டு வேலை செய்யும்: அமிலம் சுரக்கும், பல்லில் ஒட்டப் பிசின் தயாரிக்கும். நீங்கள் இனிப்பாக எதைக் குடித்தாலும் சில நிமிடத்தில் ஊத்தைக்குள் புளிப்பு ஏறும். புளிப்பைக் காட்டும் பி.எச். அளவு (எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) 5.5க்குக் கீழே போனால் பல்லின் எனாமலிலிருந்து சுண்ணாம்புச் சத்து கரையத் தொடங்கும். எச்சில் அதைச் சரிக்கட்டிப் பழைய நிலைக்குக் கொண்டுவர அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். கரைந்த சத்தைக் கொஞ்சம் திருப்பியும் கொடுக்கும். 1940களில் ஸ்டீஃபன் என்பவர் இதை அளந்து வரைந்த வளைவு இன்றும் பாடத்தில் இருக்கிறது.

தாத்தாவுக்கு அந்த வளைவு இரண்டு முறை இறங்கி ஏறியது. உங்களுக்கு எட்டு முறை. டீக்கடையில் நின்று அரை மணி நேரம் உறிஞ்சினால் ஏறவே நேரம் இல்லை. எத்தனை ஸ்பூன் சர்க்கரை என்பதை விட எத்தனை தடவை என்பதுதான் பல்லுக்குக் கணக்கு.

இதற்கு மனதை வருத்துகிற சான்று ஒன்று உண்டு. 1940களின் பிற்பாதியில் ஸ்வீடனில் விபெஹோம் என்ற மனவளர்ச்சி குன்றியோர் இல்லத்தில், அங்கிருந்தவர்களுக்கு ஒட்டும் டாஃபிகளைச் சாப்பாட்டுக்கு நடுநடுவே கொடுத்துச் சொத்தை வரவைத்துப் பார்த்தார்கள். சாப்பாட்டோடு இனிப்பு தின்றவர்களுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. இடைவேளைகளில் ஒட்டும் இனிப்பு தின்றவர்களுக்குப் பல் நாசம். அந்த மக்களிடம் சம்மதம் கேட்கப்படவில்லை. அதைச் செய்திருக்கவே கூடாது. உலகம் முழுக்கப் பல் டாக்டர்கள் இன்று நமக்குச் சொல்கிற அறிவுரைக்கு அவர்கள் பல்லைக் கொடுத்திருக்கிறார்கள் என்பது எனக்கு ஒவ்வொரு முறையும் உறுத்துகிறது.

ஜூன் 12, இரவு 9.20

திருத்தம். முதல் நாள் எழுதிய 'ஆலும் வேலும்' பழமொழியில் வேல் என்பதை வேம்பு என்று எடுத்துக்கொண்டு எழுதியிருந்தேன். தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற பெரம்பூர் ஐயா ஒருவர் திருத்தினார். வேல் என்றால் வேலமரம், கருவேலங்குச்சி. வேம்பு பழமொழியில் இல்லை. சரியான திருத்தம், நன்றி ஐயா.

மண்ணடி வாசகர் மிஸ்வாக் குச்சியைப் பற்றி எழுதியிருக்கிறார். பள்ளிவாசல் வாசலில் கட்டுக்கட்டாக விற்பதை நானும் பார்த்திருக்கிறேன். ஐந்து வேளை தொழுகைக்கு முன்னும் அதைக் கடித்துத் தேய்க்கிறவர்கள் உண்டு. அதைச் சரியாகப் பயன்படுத்துகிறவர்களுக்கு ஊத்தை பிரஷ் அளவுக்குக் குறைவதாக ஆய்வுகள் இருக்கின்றன. குச்சியின் சாற்றில் கிருமியை அடக்கும் பொருள்கள் உண்டு, வேம்பிலும் உண்டு. ஆனால் எனக்குப் பெரிதாகப் படுவது நேரம். தாத்தாமார் வேப்பங்குச்சி வைத்திருந்ததைப் பார்த்தவர்கள் நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். நுனியை மென்று நார் நாராக்கவே ஐந்து நிமிடம். அப்புறம் திண்ணையில் உட்கார்ந்து, கசப்பைத் துப்பித் துப்பி, ஒவ்வொரு பல்லாக. கடைசியில் குச்சியை இரண்டாகக் கிழித்து வளைத்து நாக்கை வழித்துவிட்டுத்தான் எறிவார்கள். நாம் தெருக்குழாயில் குடம் நிரம்புவதற்குள் வாயில் நுரை தள்ளி முடித்துவிடுகிறோம்.

குச்சியில் இல்லாதது ஃபுளோரைடு. அது தனியாக எழுத வேண்டிய விஷயம்.

ஜூன் 14, இரவு 8.45

மீன்பிடித் தடைக்காலம் இன்றோடு முடிகிறது. காசிமேட்டில் ஐஸ் ஏற்றுகிறார்கள், டீசல் பிடிக்கிறார்கள், தெருவே பரபரப்பாக இருக்கிறது. எங்கள் எதிர்வீட்டு அண்ணன் விசைப்படகில் போகிறவர். பத்துப் பன்னிரண்டு நாள் கடலிலேயே தங்குவார்கள். 61 நாள் கரையில் இருந்ததில் அவர் ஈறு நன்றாக இருக்கிறதாம். "போட்ல போனா மட்டும் பத்தாவது நாள் துப்புனா ரத்தம் வருதும்மா, உப்புக் காத்தா?" என்று கேட்டார்.

உப்புக் காற்று இல்லை. படகில் நல்ல தண்ணீர் குடிக்கவும் சோறாக்கவும்தான். பல் தேய்ப்பது நின்றுவிடுகிறது.

1965ல் டென்மார்க்கில் ஹரால்ட் லோ என்ற பேராசிரியர் இதைத்தான் சோதித்தார். ஈறு நன்றாக இருந்த 12 பேர், பெரும்பாலும் பல் மருத்துவ மாணவர்கள். எல்லோரும் பல் விளக்குவதை அடியோடு நிறுத்தினார்கள். பத்து நாள் முதல் மூன்று வாரத்துக்குள் அத்தனை பேருக்கும் ஈறு வீங்கியது. ஸ்லைடிலும் வரிசை மாறியது: முதலில் உருண்டைகள், பிறகு இழைகளும் கதிர்களும், கடைசியில் சுருள்கள். மறுபடி விளக்க ஆரம்பித்ததும் ஒரு வாரம் போல ஆனது, ஈறு பழையபடி தெளிந்தது. எதிர்வீட்டு அண்ணன் அந்த ஆராய்ச்சியை வருடத்துக்கு இருபது முறை செய்துகொண்டிருக்கிறார்.

அவரிடம் சொன்னேன்: பேஸ்டும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம் அண்ணே. ராத்திரி வலையை இறக்கிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கும்போது காய்ந்த பிரஷால் ஈறு ஓரமாகத் தேய்த்துத் துப்புங்கள். கடல் தண்ணீரால் கொப்பளித்தாலும் பரவாயில்லை. ஊத்தையைக் கழற்றுவது பிரஷ் நார்தான், நுரை இல்லை.

ரத்தம் வருகிறதே என்று அந்த இடத்தைத் தொடாமல் விடுகிறவர்கள்தான் அதிகம். ரத்தம் வரும் இடத்தைத்தான் மென்மையாக, விடாமல் தேய்க்க வேண்டும். ஒரு வாரம் பத்து நாள் ஆகியும் நிற்கவில்லை என்றால் டாக்டர்.

ஜூன் 16, காலை 10.05

பேஸ்டும் வேண்டாம் என்றதைப் பிடித்துக்கொண்டு, "அப்படியானால் நான் சொன்னதுதானே" என்கிறார் திருவொற்றியூர் தம்பி. இல்லை. ஈறுக்குப் பிரஷ் போதும். சொத்தைக்கு ஃபுளோரைடு வேண்டும். கரைந்த எனாமல் திரும்பக் கட்டும்போது ஃபுளோரைடு கூட இருந்தால் முன்பைவிட அமிலத்தைத் தாங்கும். பேஸ்ட் அட்டையில் ஃபுளோரைடு 1000 பி.பி.எம். (பத்து லட்சம் பங்கில் ஆயிரம் பங்கு) அல்லது அதற்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள். மூலிகைப் பேஸ்டுகள் பலவற்றில் அது இருப்பதே இல்லை.

தருமபுரிப் பக்கம் ஃபுளோரைடால் பல் பழுப்பாகிறதே என்று ஒருவர் பயந்திருக்கிறார். அது நிலத்தடி நீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருப்பதை, ஈறுக்குள் பல் உருவாகிற சிறு வயதில் வருடக்கணக்கில் குடிப்பதால் வருவது. பேஸ்டைத் துப்புகிறோம். மூன்று வயதுக்குள் குழந்தைக்கு அரிசி மணி அளவு, ஆறு வயது வரை பட்டாணி அளவு, அதற்கு மேல் வைக்காதீர்கள்.

நானே 40 வயது வரை ஒன்றைத் தப்பாகச் செய்துகொண்டிருந்தேன். தேய்த்து முடித்ததும் நாலு சொம்புத் தண்ணீரில் கொப்பளித்து எல்லாவற்றையும் கழுவி ஊற்றிவிடுவேன். நுரையைத் துப்பினால் போதும். கொப்பளிக்காமல் விட்டால் ஃபுளோரைடு பல்லில் கொஞ்ச நேரம் தங்கும். பழக ஒரு வாரம் ஆனது.

ஜூன் 23, மாலை 5.30

இதை எழுதலாமா என்று யோசித்தேன். எழுதுகிறேன்.

எங்கள் நைனா துறைமுகத்தில் சுமை வேலை பார்த்தவர். காலையில் மட்டும் பல்பொடி. 45 வயதிலிருந்து ஈறில் ரத்தம். கீழ்முன்பற்களின் உள்பக்கம் காரை கட்டி, நாக்கால் தடவினால் சிமெண்ட் பூச்சு மாதிரி இருக்கும் என்பார். எச்சிலில் இருக்கிற சுண்ணாம்புச் சத்து ஊத்தையில் ஏறி இறுகுவதுதான் காரை. எச்சில் சுரப்பியின் வாய் நாக்குக்கு அடியிலேயே இருப்பதால் அந்த இடத்தில் முதலில் படியும். இறுகிவிட்டால் எந்தப் பிரஷுக்கும் வராது.

கிளீனிங் செய்யச் சொன்னேன். "மிஷின் வெச்சா பல் ஆடும்னு எல்லாரும் சொல்றாங்கம்மா" என்று பத்து வருடம் தள்ளினார். நானும் விட்டுவிட்டேன். லேபில் மற்றவர்களின் சர்க்கரையை அளந்துகொண்டிருந்தவள், வீட்டில் அந்த ஈறைக் கவனிக்கவில்லை. 57 வயதில் நாலு பல் தானாக ஆடி விழுந்தது. பிராட்வே பக்கம் இருக்கும் அரசு பல் மருத்துவக் கல்லூரிக்குக் கூட்டிப்போனேன். படிக்கும் பெண் ஒருத்தி நாலு தடவை வரச்சொல்லி, வாயைக் கால் காலாகப் பிரித்து, ஈறுக்கு அடியில் இருந்ததையெல்லாம் சுரண்டி எடுத்தாள். எடுத்ததும் சில பற்கள் ஆடத்தான் செய்தன. அவள் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது: "எலும்பு முன்னாடியே கரைஞ்சிடுச்சு தாத்தா. இவ்வளவு நாளா காரைதான் பல்லைக் கட்டிப் பிடிச்சிருந்தது." சுரண்டியதால் ஆடவில்லை. சுரண்டாமல் விட்டதால் எலும்பு போய், அதைக் காரை மறைத்திருந்தது.

நைனாவுக்குச் சர்க்கரை நோயும் உண்டு. இரண்டும் ஒன்றையொன்று தூக்கிவிடும். சர்க்கரை ஏறினால் ஈறு புண் ஆறாது, ஈறில் ஓயாத அழற்சி இருந்தால் இன்சுலின் சரியாக வேலை செய்யாது. ஈறு சிகிச்சைக்குப் பிறகு மூன்று மாதச் சர்க்கரை அளவு சராசரியாக 0.4 சதவீதப் புள்ளி குறைவதாக ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். நைனாவின் ரிப்போர்ட்டை நானே ஓட்டினேன். 8.6ல் இருந்தது 8.1 வந்தது. மாத்திரை மாறவில்லை. ஆனால் அந்த மூன்று மாதம் அவர் இனிப்பையும் குறைத்தார், அதனால் முழுப் பேரையும் ஈறுக்குக் கொடுக்க மாட்டேன்.

சர்க்கரை நோயாளிகள் யாராவது இதைப் படித்தால் தயவுசெய்து ஈறைக் காட்டுங்கள். காலுக்குக் காட்டுகிறோம், கண்ணுக்குக் காட்டுகிறோம்.

ஜூன் 26, இரவு 10.15

வாய் நாற்றம் பற்றி இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். ஒருவர் பல் தேய்த்தும் போகவில்லை என்கிறார். நாக்கு வழிக்கிறீர்களா? நாக்கின் பின்பகுதி கோரைப்பாய் மாதிரி. அதன் மேல் மயிர் மாதிரி நிற்கும் இழைகளுக்கு நடுவே காற்று படாத கூட்டம் உட்கார்ந்து, புரதத்தைத் தின்று கந்தக வாயுக்களை விடும். ஒன்று அழுகின முட்டை வாடை, இன்னொன்று அழுகின கோசு வாடை. அந்த வளைந்த எவர்சில்வர் நாக்கு வழிப்பானை வீசிவிட்டோம், அது நல்ல பொருள். பின்னாலிருந்து முன்னால் மூன்று இழுப்பு, குமட்டாத அளவுக்கு.

இன்னொருவர் வியாசர்பாடி. அத்தோ (பூண்டு போட்ட பர்மா நூடுல்ஸ்) தின்ற மறுநாள் வரைக்கும் வீட்டில் யாரும் பக்கத்தில் வருவதில்லையாம். அந்த வாடைக்கு வாய்க் கிருமி காரணம் இல்லை தம்பி, எத்தனை முறை தேய்த்தாலும் போகாது. பூண்டிலிருந்து வரும் ஒரு கந்தகப் பொருள் ரத்தத்தில் கலந்து நுரையீரல் வழியாக மூச்சில் வருகிறது. அது தானாகத் தீரும் வரை இருக்கும். வீட்டாருக்கும் ஒரு தட்டு அத்தோ வாங்கிக் கொடுத்துவிடுங்கள், பிரச்சினை தீர்ந்தது.

ஜூன் 30, மதியம் 12.40

மவுத்வாஷைப் பற்றி முதல் நாள் எழுதியது கொஞ்சம் கடுமை. பல் பிடுங்கிய பிறகோ ஈறு ஆபரேஷனுக்குப் பிறகோ, பிரஷ் வைக்க முடியாத நாள்களுக்கு டாக்டர் எழுதித் தரும் குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷ் நிஜமாகவே உதவும். சொன்ன நாளோடு நிறுத்திவிட வேண்டும். நீண்ட நாள் விட்டால் பல்லில் பழுப்புக் கறை, நாக்கில் ருசி மாற்றம். பேஸ்ட் போட்ட உடனே அதை ஊற்றினால் பேஸ்டின் நுரைப்பொருள் மருந்தைக் கெடுக்கும், அரை மணி விடுங்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. அரைக்கீரை, முளைக்கீரை, பீட்ரூட்டில் நைட்ரேட் நிறைய. அதை நைட்ரைட்டாக மாற்றும் வேலையை நம் உடம்பு செய்வதில்லை, நாக்கில் இருக்கிற பாக்டீரியாக்கள் செய்கின்றன. அதை விழுங்கினால் உடம்பில் நைட்ரிக் ஆக்சைடாகி ரத்தக் குழாயைத் தளர்த்தும். கிருமிக்கொல்லி மவுத்வாஷை ஒரு வாரம் ஊற்றியவர்களுக்கு எச்சிலில் நைட்ரைட் விழுந்து, ரத்த அழுத்தம் சிறிதளவு ஏறியதைச் சிறு ஆய்வுகளில் அளந்திருக்கிறார்கள். நமக்கு வேலை செய்கிற கூட்டமும் அந்தக் கூட்டத்துக்குள்தான் இருக்கிறது.

ஜூலை 7, காலை 8.30

நல்லெண்ணெய் கொப்பளிப்பதைப் பற்றிக் கேட்ட தண்டையார்பேட்டை அக்காவுக்கு: மியூட்டன்ஸ் எண்ணிக்கை குறைந்ததாகச் சென்னைப் பல் மருத்துவர்களே 2008ல் வெளியிட்டார்கள், ஆனால் 20 பேரை வைத்துச் செய்த சின்ன ஆய்வு. பிடித்திருந்தால் செய்யுங்கள், பிரஷுக்குப் பதிலாக வேண்டாம். எண்ணெயைத் தொட்டியில் துப்பாதீர்கள், குழாய் அடைக்கும்.

இன்று எழுத நினைத்தது வேறு. நேற்று லேபுக்கு ஒரு சின்னப் பெண் இடுப்பில் குழந்தையோடு வந்தாள். குழந்தைக்கு இரண்டு வயது இருக்கும். மேல் முன்பல் நாலும் கறுத்து, ஈறோடு ஈறாகக் கரைந்து கிடக்கிறது. ராத்திரி சர்க்கரை போட்ட பால் புட்டியை வாயில் வைத்தபடி தூங்குமாம். தூக்கத்தில் எச்சில் சுரப்பது மிகவும் குறைந்துவிடும். கழுவ ஆள் இல்லாத வாயில் பால் குளம் கட்டி நிற்கிறது, கிருமிக்கு விடிய விடிய விருந்து. பெரியவர்களுக்கும் இதேதான் காரணம்: காலை விளக்கலை விட இரவு விளக்கல் முக்கியம். பால்பல் விழுந்துவிடும்தானே என்றாள். வலி விழும்வரை காத்திருக்காது. புட்டியில் வெறும் தண்ணீர் வைக்கச் சொன்னேன், முதல் பல் எட்டிப் பார்த்த நாளிலிருந்து தேய்க்க வேண்டும் என்றேன். மியூட்டன்ஸ் குழந்தைக்குப் பிறவியில் வருவதில்லை, பெரும்பாலும் அம்மாவின் எச்சிலிலிருந்து வருகிறது. மென்று ஊட்டுவதையும் ஒரே ஸ்பூனையும் தவிர்க்கச் சொன்னேன். கூடவே அவள் பல்லையும் காட்டச் சொன்னேன். அவளுக்கும் இரண்டு சொத்தை இருந்தது.

ஜூலை 14, இரவு 9.50

இரண்டு செய்தி.

எதிர்வீட்டு அண்ணன் இரண்டாவது முறை கடலுக்குப் போய் வந்துவிட்டார். பிரஷை ஒரு நூலில் கட்டி ஸ்டீயரிங் பக்கத்தில் தொங்கவிட்டிருந்தாராம். பதினோராவது நாள் துப்பிப் பார்த்தாராம், ரத்தம் இல்லை. கூட வந்த இரண்டு பையன்கள் பிரஷ் கேட்கிறார்கள் என்று நாலு வாங்கிப்போனார்.

நானும் ஜூன் 5க்குப் பிறகு தினம் இரவு இடது பக்கம் மட்டும் பல்லிடுக்கைச் சுத்தம் செய்யும் நூல் (ஃபிளாஸ்) விட்டு எடுத்தேன், வலது பக்கம் பழையபடி. நேற்று இரண்டு பக்கமும் ஸ்லைடு வைத்தேன். வலதில் அதே ஓட்டம். இடதில் உருண்டைகள் நிறைய, ஓடுகிறவை லென்சில் தெரியும் ஒரு வட்டத்துக்கு ஒன்றோ இரண்டோ. ஒரே ஒருத்தியின் வாய் இது, இதை வைத்துச் சட்டம் போட முடியாது. ஆனால் இன்று முதல் வலது பக்கமும் நூல் விடுகிறேன்.

திருவொற்றியூர் தம்பி தன் பழைய எக்ஸ்ரேயைத் தேடி எடுத்து டாக்டர் அப்போது என்ன சொன்னார் என்று எழுதியிருக்கிறார்: சொத்தை மெல்லும் தளத்தில் இல்லை, அடுத்த பல்லை ஒட்டிய பக்கவாட்டில் தொடங்கி உள்ளே போயிருந்ததாம். அப்படியானால் உங்கள் பேஸ்டும் பிரஷும் தாத்தாவின் குச்சியும் எதுவுமே தொட முடியாத சுவர் அது. கூசுகிற அடுத்த பல் அதற்கு எதிர்ச்சுவர். இன்று ராத்திரி அந்த இரண்டுக்கும் நடுவே நூலை விட்டு, இரண்டு சுவரையும் தனித்தனியாக வழித்துப் பாருங்கள். நூல் வழுக்கிக்கொண்டு வருகிறதா, பிசிறுகிறதா என்று எழுதுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் பிசிறினால் அங்கே ஓரம் உடைந்திருக்கலாம், அல்லது அடுத்த சொத்தை தொடங்கியிருக்கலாம். இந்த வாரமே போய்க் காட்டிவிடுங்கள்.